ஒரு சாக்கு தைம் இலை

நாகலூரில் பஸ் நிற்கும் இடத்துக்குக் காட்டுமாடு ஒன்று பட்டப்பகலில் வந்து, டீக்கடை பெஞ்சை முட்டிச் சாய்த்துவிட்டு, ஏற்காடு போகிற பஸ்ஸை அரைமணி நேரம் நகரவிடாமல் வழியில் நின்றதே, நினைவிருக்கிறதா? கொரோனாவுக்காக நிறுத்தின பஸ்ஸெல்லாம் திரும்ப ஓட ஆரம்பித்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். டிரைவர் ஹாரன் அடிக்கக்கூடப் பயந்து உட்கார்ந்திருந்தார். டீக்கடைக்காரர் பால் குண்டானைக் கட்டிப் பிடித்தபடி பாத்திரம் கழுவுகிற மூலையில் ஒளிந்திருந்தார் என்று அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வருஷக் கணக்கு வராது, பள்ளிக்கூடம் போனவனில்லை. அந்த மாடு வந்துபோன பதினோராம் நாள் காலையில் என் மனைவி வாய் கோணி விழுந்தாள். அதனால் அந்தக் காலத்துக்கு எனக்கு அடையாளம் காட்டுமாடுதான்.

நான் சொல்ல வந்தது ஒரு இலையைப் பற்றி. சமையலில் போடுகிற இலை. தைம் என்று பெயர். அதைக் காயவைத்துப் பாட்டிலில் அடைத்து, என் கையால் என் மனைவிக்கு இரண்டு மாதம் கொடுத்தேன். நல்ல இலை. இன்றைக்கும் அதைக் கெட்ட இலை என்று சொல்லமாட்டேன். நான் சொல்லிக்கொண்டே போகிறேன், எழுதத் தெரிந்த ஒருவர் என் பேச்சை ஒழுங்குபண்ணி எழுதிக்கொள்கிறார். சுற்றிச் சுற்றித்தான் வருவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு இந்த மலைதான். கொஞ்சம் ராகி, கொஞ்சம் சாமை, வீட்டைச் சுற்றி அரை ஏக்கர் காபி, நாலு ஆரஞ்சு மரம். அது போதாமல் நான் மீசை முளைக்கிற வயதிலிருந்து ஒரு எஸ்டேட் பங்களாவின் தோட்டத்தில் வேலை பார்த்தேன். எஸ்டேட் எத்தனையோ கை மாறியது. கடைசியாக வாங்கினவர் பங்களாவை வெளியூர்க்காரர்கள் வந்து தங்குகிற இடமாக்கிவிட்டார். சமையலுக்குச் சேலத்திலிருந்து ஒருவர் வந்தார். ஏதோ பெரிய ஓட்டலில் இருந்தவர். அவர்தான் சமையலறைக்குப் பின்னால் பாத்தி போடச் சொல்லி, தைம் நாற்று வாங்கிவந்து கொடுத்தார்.

தைம் தரையோடு தரையாகப் படரும். தண்டு விளக்குமாற்றுக் குச்சி போல இருக்கும். இலை எள்ளைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். கசக்கி மோந்தால் ஓமம் மாதிரி இருக்கும், அதற்குப் பின்னால் கற்பூரவல்லி வாசம் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். வேரில் தண்ணீர் நின்றால் செத்துப்போகும். அதனால் சரிவில், சல்லிக் கல் கலந்து, மேடாகப் பாத்தி கட்டினேன். நன்றாக வந்தது.

காயவைக்கிற பக்குவத்தைச் சொல்கிறேன். பூ எடுப்பதற்கு முன்னால், பனி காய்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்குள் அறுக்கவேண்டும். சின்னச் சின்னக் கட்டாகக் கட்டி, காபி மூட்டை வைக்கிற அறையில் நிழலில் தலைகீழாகத் தொங்கவிடுவேன். வெயிலில் போட்டால் நிறமும் போகும், வாசமும் போகும். மூடுபனிக் காலத்தில் ஈரம் பிடித்துப் பூசணம் பூக்கும் என்பதால் சமையலறைப் பரணில் கட்டுவேன். தொட்டால் நொறுங்குகிற பதம் வந்ததும் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துத் தேய்த்தால் இலை உதிர்ந்துவிடும், குச்சி கையில் நிற்கும். சலித்துப் பாட்டிலில் போடவேண்டும். ஒரு சாக்கு நிறையத் தழை அறுத்துவந்தால் கடைசியில் ஒரு ஊறுகாய்ப் பாட்டில் நிறையும். முதல் தடவை எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, யாராவது எடுத்துக்கொண்டு போய்விட்டார்களோ என்று.

அந்தச் சமையல்காரர் நல்ல மனுஷன், வாய்தான் ஓயாது. ஒருநாள் அவர் குளிக்கப் போன நேரத்தில் சூப்பு அடுப்பில் இருந்தது. உதவியாக இருக்கட்டும் என்று இறக்குகிற சமயத்தில் இந்தக் காய்ந்த இலையைக் கொத்தமல்லி தூவுகிற மாதிரி மேலே தூவினேன்.

"ஏனுங்க, இது என்ன மல்லித்தழையா?" என்று ஈரத் தலையோடு வந்து கத்தினார். "காஞ்ச எலைய மொதல்லயே போடோணும். உள்ளங்கையில வெச்சு ஒரு கசக்கு, எண்ணெயில ஒரு பெரட்டு, அப்பறந்தான் தண்ணி. இப்பிடி மேல போட்டீங்கன்னா சாப்பிடறவங்க பல்லுல வைக்கப்புல்லு மாட்டற மாதிரி மாட்டும்."

"வாசமே வரலையேன்னு ரெண்டு கை சேர்த்துப் போட்டனுங்க."

"ரெண்டு கையா! தோட்டத்துக்காரரே, பச்சையில மூணு பங்கு போடற எடத்துல காஞ்சதுல ஒரு பங்குதானுங்க. காயக் காய எல்லாம் சுண்டி அதுக்குள்ளயே நிக்கும். பாத்துப் போடோணும்."

அவர் கோழியின் மேல் வெண்ணெய், பூண்டு, உப்போடு இதைத் தேய்த்து அடுப்பில் வைப்பார். காளானை வெண்ணெயில் வதக்கும்போது ஒரு சிட்டிகை. உருளைக்கிழங்கு, முட்டை, ரொட்டி மாவு எல்லாவற்றுக்கும் அது போகும். நான் மிஞ்சினதைக் கொஞ்சம் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோவேன். மிளகு ரசத்தில் சீரகத்தோடு போட்டால் சளிக்கு இதமாக இருக்கும். நாட்டுக்கோழிக் குழம்பில் போட்டு ராகிக் களியோடு சாப்பிட்டுப் பாருங்கள், நன்றாகத்தான் இருக்கும். என் மனைவி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை.

"என்னங்க இது, கொழம்புல எறும்பு மெதக்குது?"

"எறும்பில்ல புள்ள, பங்களா எலை."

"பங்களாவுல தின்னா எலை, எங்கூட்ல வந்தா எறும்பு." சொல்லிவிட்டு இரண்டு தடவை களி வாங்கிச் சாப்பிட்டாள்.

அவளுக்கு இருதயத்தில் கோளாறு இருந்தது. சின்ன வயதில் வந்த காய்ச்சல் வால்வைக் கெடுத்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். ஏற்றம் ஏறினால் மூச்சு வாங்கும். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மேலே ஏறிப் போகும்போது நாலு இடத்தில் உட்காருவாள். பஞ்சுமிட்டாய் வாங்கத்தான் உட்கார்ந்தேன் என்று சாதிப்பாள். பிறகு உட்கார்ந்தாலும் மூச்சு வாங்கியது. சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், அரசாங்கக் காப்பீட்டு அட்டையில், நெஞ்சைத் திறந்து இரும்பு மாதிரி ஒரு வால்வு வைத்தார்கள். பிழைத்து வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தால் சின்னதாக டிக், டிக் என்று கேட்கும். "எனக்குள்ள கடியாரம் வெச்சு அனுப்பியுட்டாங்க, மணி கேக்கறதுன்னா இங்க கேளுங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

அந்த வால்வில் ரத்தம் கட்டிப் போகாமல் இருக்க ஒரு மாத்திரை. தினமும், ஒரே நேரத்தில், ஆயுசு முழுக்க. மாத்திரை கூடினால் ரத்தம் கசியும், குறைந்தால் கட்டும். அது சரியான அளவில் இருக்கிறதா என்று மாதம் ஒரு தடவை சேலம் இறங்கி ரத்தம் கொடுத்துப் பார்க்கவேண்டும். வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்துச் சொன்னார். மூன்றாவது ஆள் எங்கள் மகள். பக்கத்து வீட்டில்தான் இருக்கிறாள், எஸ்டேட்டில் காபி பறிக்கப் போகிறவள், எட்டாவது வரை படித்தவள். மாத்திரைப் பொறுப்பு அவளுடையது.

"கீரையில இருக்கற ஒரு சத்து இந்த மாத்திரையை வேலை செய்யவிடாது. அதனால கீரையை அளவா, எப்பவும் ஒரே மாதிரி சாப்பிடணும். ஒரேயடியா கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது" என்றார் டாக்டர். ஒரு அச்சடித்த தாளும் கொடுத்தார். அதில் முருங்கை, பசலை, அரைக்கீரை, முட்டைக்கோஸ் என்று வரிசையாக இருந்தது. மகள் வாசித்துக் காட்டினாள். அரிசிப் பானைக்கு மேலே ஆணி அடித்து மாட்டினோம்.

டாக்டர் சொன்னது அது. நாங்கள் எடுத்துக்கொண்டது கீரையே ஆகாது என்று. பயம்தான். என் மனைவிக்குக் கீரை இல்லாமல் சோறு இறங்காது. காபிச் செடி இடுக்கில் குனிந்தால் ஒரு மடி கீரையோடுதான் நிமிர்வாள். எது என்ன கீரை என்று எனக்குக்கூடத் தெரியாது. அவளுடைய கீரைச் சட்டியை நானே கழுவிக் கவிழ்த்துவைத்தேன்.

"ஏனுங்க, மாட்டைக் கட்டிப்போட்டுட்டுப் புல்லு வெளையற காட்டுல நிக்க வெச்ச மாதிரி இருக்குதுங்க எனக்கு."

"உசுரோட இருந்தாப் போதும் புள்ள."

"உசுரு இருக்குது. நாக்குத்தான் செத்துப் போச்சு."

ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடியது. மாதாமாதம் சேலம் போய்வந்தோம், எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம் அவள் வெளுக்க ஆரம்பித்தாள். நகம் வெளுத்தது, கண்ணின் அடிப்பக்கம் வெளுத்தது. தண்ணீர்க் குடத்தை இறக்கிவைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிடுவாள். நாகலூரில் நர்ஸம்மா விரலில் குத்திப் பார்த்து, "ரத்தம் நொம்பக் கம்மியா இருக்குதுங்க அம்மா, இரும்புச்சத்து வேணும்" என்று கறுப்பு மாத்திரை கொடுத்தார். அது வயிற்றைப் பிடுங்கியது. நாலு நாள் போட்டாள், விட்டுவிட்டாள். அடுத்த தடவை சேலம் போகும்போது பெரிய டாக்டரிடம் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. இருதயத்துக்குப் போகிற இடத்தில் வயிற்றைப் பற்றி எதற்கு என்று நினைத்தேன்.

அந்த நேரத்தில்தான் பங்களாவில் ஒரு அம்மா வந்து ஒரு வாரம் தங்கினார். சென்னைக்காரர். எதைத் தின்றால் என்ன சத்து என்று ஆட்களுக்குச் சொல்கிற வேலை என்றார். நான் தைம் உதிர்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து முக்காலி போட்டு உட்கார்ந்தார்.

"தாத்தா, இதுல எவ்வளவு இரும்புச்சத்து இருக்கு தெரியுமா? காய்ஞ்சதுல பச்சையைவிட ஜாஸ்தி."

என் கை நின்றுவிட்டது. "இரும்புங்களா?"

அவர் போனில் பார்த்து வாசித்தார். இரும்பு, சுண்ணாம்புச்சத்து, வைட்டமின் ஏ, வைட்டமின் கே, நார்ச்சத்து. சளிக்கு நல்லது, கிருமியைக் கொல்லும் எண்ணெய் இதில் இருக்கிறது என்றார். "ஆனா நாம ஒரு சிட்டிகைதானே போடறோம் தாத்தா. அதுல எவ்வளவு கிடைக்கும்? சும்மா வாசனைக்குத்தான்" என்றும் சிரித்தபடி சொன்னார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. உள்ளதைத்தான் சொன்னார். என் வீட்டில் யாருக்கு என்ன வைத்தியம் நடக்கிறதென்று அவரிடம் நான் சொல்லவே இல்லை. கே என்ற எழுத்து என் காதில் விழுந்தது. எனக்கு ஏ-யும் ஒன்றுதான் கே-யும் ஒன்றுதான். எனக்குக் கேட்டது இரும்பு மட்டும்.

சிட்டிகை போட்டால் கிடைக்காது என்றால் கைப்பிடி போட்டால் கிடைக்கும். அப்படித்தான் என் புத்தி போயிற்று.

வீட்டுக்குப் போய் ஆணியில் மாட்டின தாளை மகளை விட்டு மறுபடி வாசிக்கச் சொன்னேன். இது உண்மை, இதை நான் இல்லை என்று சொல்லமுடியாது. தைம் என்று அதில் எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவள் விரல் வைத்து இரண்டு தரம் பார்த்தாள்.

"இல்லீங்கப்பா. அதெல்லாம் எவன் திங்கறான் சேலத்துல?"

"கீரையில சேராதா?"

"அது மசாலாச் சாமானுங்கப்பா. சீரகம், சோம்பு மாதிரி. பாட்டில்ல இருக்கறது எப்பிடிக் கீரையாகும்?"

நானும் அதையேதான் நினைத்திருந்தேன். கீரை என்றால் பச்சையாக இருக்கும், மடியில் வரும், சட்டியில் வேகும், மத்தால் கடைவோம். இது காய்ந்து மொறுமொறுவென்று பாட்டிலில் கிடக்கிறது. எங்கள் வீட்டில் காய்ந்ததெல்லாம் சாமான், பச்சையாக இருப்பதெல்லாம் கறிகாய். இந்தப் பாகுபாட்டில் யாருக்கும் சந்தேகம் வந்ததே இல்லை.

அன்றிலிருந்து காலையில் ஒரு கைப்பிடியைக் கொதிக்கவைத்துக் கஷாயம், இலையோடு சேர்த்து. மத்தியானம் ரசத்தில் அள்ளிப் போட்டேன். சாயங்காலம் இடித்துத் தூளாக்கி ராகிக் கஞ்சியில் கலந்தேன். கசக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள். பாட்டில் தீரத் தீரச் சமையல்காரரிடம் கேட்டு இன்னும் அறுத்துக் காயவைத்தேன்.

"ஏனுங்க, எனக்கு வாயத் தொறந்தா ஓமத்தண்ணி வாசம் அடிக்குது. நான் என்ன வயித்துவலிக்கார மாடா?"

"குடி புள்ள, மூஞ்சி தெளிஞ்சுட்டு வருது."

"தெளிஞ்சு நான் யாருக்குக் காட்டறது? உங்களுக்குக் கண்ணே தெரியாது." கேலி பண்ணினாலும் குடித்துவிட்டாள். நான் செய்துகொடுக்கிறேன் என்பதால் குடித்தாள் என்று இப்போது தோன்றுகிறது.

முகம் தெளிந்தது நிஜம். பக்கத்துத் தோட்டத்துப் பெண்களே சொன்னார்கள். அது இலையால் தெளிந்ததா, அவளுக்குத் தினமும் மூன்று வேளை ஒரு ஆள் கவனித்துப் பார்த்துக் கொடுத்ததால் தெளிந்ததா, எனக்குத் தெரியாது. அந்தத் தெளிச்சலைப் பார்த்துத்தான் நான் அடுத்த தப்பைப் பண்ணினேன். காபிப் பழம் சிவந்து நின்றது. பறிக்க ஆள் கிடைக்காத நேரம். மகள், "அப்பா, ரத்தம் பாக்கற தேதி வருதுங்க" என்றாள்.

"நல்லாத்தான இருக்கறா? பழம் கொட்டிப் போயிரும் கண்ணு. அடுத்த மாசம் போயிக்கலாம்" என்றேன்.

அவள் இரண்டாம் தடவையும் சொன்னாள். நான் கூடையை எடுத்துக்கொண்டு பழம் பறிக்கப் போய்விட்டேன்.

காட்டுமாடு வந்தது, ஊர் சிரித்தது. பதினோராம் நாள் காலையில் என் மனைவி வாசலில் கோலத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். வாளி விழுந்த சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தபோது சுவரோரம் சரிந்து கிடந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வலது கையைத் தூக்கினேன், விட்டேன், விழுந்தது. ஏதோ சொல்லவந்தாள். சத்தம் மட்டும் வந்தது, பேச்சு வரவில்லை. மகள் ஓடிவந்து, என்னைப்போல நின்று பார்க்காமல், உடனே ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினாள். ஏற்காடு ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுச் சேலத்துக்கு அனுப்பினார்கள். ஒவ்வொரு வளைவிலும் அவள் தலை உருண்டு மகள் மடியில் இடித்தது. நான் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாத்திரை போட்டாளா, மாத்திரை போட்டாளா என்று இதையே கேட்டுக்கொண்டு வந்தேன்.

வால்வு வைத்த அதே ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் வெளியே வந்து எங்களைக் கூப்பிட்டார்.

"வால்வுல ரத்தம் கட்டியிருக்கு. அதுல ஒரு துண்டு மூளைக்குப் போயிருச்சு. இவங்க ரத்தம் மாத்திரையே போடாதவங்க ரத்தம் மாதிரி இருக்கு. எத்தனை நாளா மாத்திரையை விட்டீங்க?"

"ஒருநாளும் விடலீங்க சார்" என்றாள் மகள்.

"போன மாசம் டெஸ்டுக்கும் வரலை. கீரை?"

"கண்ணால பாக்கலீங்க" என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். பெருமையாகச் சொன்னேன், அதையும் சொல்லிவிடுகிறேன். "ஒரு வருசத்துக்கு மேல கீரைச் சட்டியே அடுப்பேறலீங்க."

"வேற ஏதாவது புதுசா? நாட்டு மருந்து, பொடி, கஷாயம்?"

மருந்து என்று எதையும் நான் கொடுக்கவில்லையே. சமையல் சாமான்தானே கொடுத்தேன். "இல்லீங்க" என்றேன்.

டாக்டர் மகளைப் பார்த்தார். "அப்ப மாத்திரைதாம்மா. மறந்திருக்கீங்க."

அவர் போனபிறகு நான் அந்த வராந்தாவில், அத்தனை பேருக்கு முன்னால், என் மகளைத் திட்டினேன். காபி பறிக்கப் போகிற அவசரத்தில் மறந்திருப்பாய், ஒரு மாத்திரை எடுத்துக் கொடுக்கத் துப்பில்லையா, பெற்றவளைக் கொன்றுவிட்டாயே என்றேன். அவள் தீர்ந்த மாத்திரை அட்டைகளையெல்லாம் ரப்பர் போட்டுக் கட்டி வைத்திருந்தாள். பையிலிருந்து எடுத்து நீட்டினாள். "பாருங்கப்பா, ஒண்ணொண்ணா எண்ணிப் பாருங்க" என்றாள். நான் தட்டிவிட்டேன். தரையில் சிதறியதை அவள் குனிந்து பொறுக்கினாள்.

மூன்றாம் நாள் மனைவிக்குக் கஞ்சி கொடுக்கலாம் என்றார்கள். மாற்றுத்துணி எடுக்க ஊருக்குப் போய்வந்தபோது நான் தைம் பாட்டிலையும் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். உடம்பு இப்படி விழுந்துகிடக்கும்போது இரும்புச்சத்து இன்னும் வேண்டுமல்லவா. கஞ்சியில் இரண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

வார்டில் இருந்த நர்ஸ் பெண் மோப்பம் பிடித்துவிட்டது. "என்னங்கய்யா ஓம வாசம்? என்ன கலக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல கண்ணு, எங்க தோட்டத்து எலை."

"எலையா? குடுங்க இங்க." பாட்டிலை வாங்கித் திறந்து பார்த்துவிட்டு, கஞ்சியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய்விட்டது.

டாக்டர் கோபமாக வருவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் வந்தார். முக்காலியில் உட்கார்ந்து, பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"பெரியவரே, இது எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமுங்க."

"ஒரு நாளைக்கு எவ்வளவு?"

நான் கையைக் குவித்துக் காட்டினேன். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. மகள் கட்டில் தலைமாட்டில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது காய்ஞ்ச கீரைதானேங்க" என்றார் டாக்டர். "எந்தச் சத்து கூடக்கூடாதுன்னு சொன்னோமோ அந்த வைட்டமின் கே இதுல அடைச்சுக் கிடக்கு. தண்ணி மட்டுந்தான் போயிருக்கும், மத்ததெல்லாம் அப்படியே இருக்கும். ஒரு பாட்டிலுக்கு எவ்வளவு பச்சை இலை அறுப்பீங்க?"

ஒரு சாக்கு என்று சொல்ல வாய் திறந்தேன். அப்போதுதான் தெரிந்தது. இத்தனை வருஷமாக அறுத்தது நான், உதிர்த்தது நான், ஒரு சாக்கு ஒரு பாட்டிலாவதைக் கண்ணால் பார்த்தவன் நான். கொடுக்கும்போது பாட்டிலை மட்டும் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். கீரைச் சட்டியைக் கவிழ்த்துவைத்துவிட்டு, கீரையை மூட்டை மூட்டையாக அவள் வாயில் போட்டிருக்கிறேன்.

"இது ஒண்ணாலதான்னு நான் அடிச்சுச் சொல்லமாட்டேன்" என்றார் டாக்டர். "ஒரு வருஷமா கீரையே இல்லாத உடம்பு, திடீர்னு இவ்வளவு. டெஸ்டுக்கு வந்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும், மாத்திரையைக் கூட்டியிருப்போம். சமையல்ல ஒரு சிட்டிகை போட்டா ஒண்ணும் ஆகாது. அளவும் மாறக்கூடாது, எங்ககிட்ட சொல்லாமலும் இருக்கக்கூடாது."

அவர் போனார். மகள் கஞ்சிக் கிண்ணத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போய்க் கழுவினாள். திரும்பி வந்து என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "இனிமேலு அம்மா சோத்துல நீங்க கை வெக்காதீங்க."

அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. சிதறின அட்டைகளில் ஒன்று கட்டிலுக்கு அடியில் கிடந்தது. எடுத்து அவள் பையில் போட்டேன். அவள் பார்த்தாள்.

மருந்து ஏற்றிக் கட்டியைக் கரைத்தார்கள். வால்வு தப்பித்தது. மூளையில் போனது போனதுதான். வலது கை வரவே இல்லை, கால் இழுத்து இழுத்து வருகிறது. பேச்சு இல்லை. எதற்கும் ஒரு சிரிப்புச் சொல் சொல்கிறவள், இப்போது பசித்தால் தட்டைத் தட்டுகிறாள். மகள் கையால்தான் சாப்பாடு. கீரை வாரத்தில் மூன்று நாள், ஒரே கரண்டி அளவு, டாக்டர் எழுதிக்கொடுத்தபடி. கீரையை அவள் வாயில் வைத்த முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் மென்றாள். நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

யார் இதைப் பண்ணினது என்று அவளுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. வார்டில் டாக்டர் பேசினபோது தூங்கிக்கொண்டிருந்தாள் என்றுதான் நினைத்தேன். போன வருஷம் ஒரு மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கஷாயம், ரசம், கஞ்சி, தேதி தள்ளிப்போட்டது, மகளைத் திட்டினது எல்லாம். கண் எடுக்காமல் கேட்டாள். நான் முடித்ததும் இடது கையை மெல்லத் தூக்கினாள். அடிக்கப்போகிறாளோ என்று நினைத்தேன், அடித்தால் தேவலை என்றும் நினைத்தேன். அவள் ஜன்னலைக் காட்டினாள். வெளியே தூறல் போட்டிருந்தது, களத்தில் காபிக் கொட்டை நனைந்துகொண்டிருந்தது. ஓடிப்போய்த் தார்ப்பாயை இழுத்து மூடி, நாலு பக்கமும் கல் வைத்துவிட்டு வந்தேன். அதற்குள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். தூங்கினாளா என்று தெரியாது. அதற்கப்புறம் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பங்களா வேலையை விட்டுவிட்டேன். வேறு ஆள் அறுக்கிறான், வேறு ஆள் காயவைக்கிறான். ஏற்காட்டுக் கடைகளில் இப்போது அதைச் சின்னப் பாட்டிலில் மிளகுக்கும் பட்டைக்கும் பக்கத்தில் வைத்து விற்கிறார்கள். வருகிறவர்கள் வாங்கிப் போகிறார்கள். போகட்டும். கோழியில் போடுங்கள், உருளைக்கிழங்கில் போடுங்கள், எண்ணெயிலேயே முதலில் போடுங்கள், ஒரு சிட்டிகை. நல்ல இலை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேனுங்க. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை போடுகிறவர்கள் இருப்பார்கள். இன்றைக்கே அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள். பச்சையோ காய்ந்ததோ தூளோ, புதிதாக எதை வாயில் போட்டாலும், அது மருந்தில்லை, சமையல் சாமான்தான் என்று தோன்றினாலும், டாக்டர் கேட்பதற்கு முன்னால் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். ரத்தம் பார்க்கிற தேதியைக் காபிக்காகவும் தள்ளவேண்டாம், கல்யாணத்துக்காகவும் தள்ளவேண்டாம். சொன்னவர் யார் என்று கேட்டால் நாகலூர்ப் பக்கத்தில் ஒரு கிழவன் என்று சொல்லுங்கள், போதும். அவர்களையும் இன்னும் நாலு பேரிடம் சொல்லச் சொல்லுங்கள்.